புள்ளி நாலு மடங்கு, தூரம் மட்டும் ஏன் இரண்டு மடங்கு?

கேள்வி (பைத்தான் பித்தன்):
1 கி.மீ. பக்கமுள்ள சதுரத்துக்குள் கண்டபடி புள்ளிகளைத் தூவி, எல்லாவற்றையும் தொட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் மிகக் குறுகிய சுற்றைக் கணினியில் தேடுகிறேன். 100 புள்ளிக்குச் சராசரி 7.8 கி.மீ. 400-க்கு அதில் இரண்டு மடங்குகூட வரவில்லை. 1000-க்கு 23 கி.மீ. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.78, பிறகு 0.73 என்று இறங்கிக்கொண்டே போகிறது. இது எங்கே நிற்கும்?

பதில் (புள்ளியியல் வாத்தியார்):
தம்பி, 0.7124-க்குப் பக்கத்தில் நிற்கும். புள்ளிகள் நாலு மடங்கானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பரப்பு கால்வாசி; அப்போது அண்டைப் புள்ளிக்குள்ள தூரம் பாதி. புள்ளிக்குப் புள்ளி தாவும் தாவல்கள் நாலு மடங்கு, ஒவ்வொன்றும் பாதி நீளம்: மொத்தம் இரண்டு மடங்கு. விகிதம் ஒரு மாறிலியை நெருங்கியே தீரும் என்று பியர்ட்வுட், ஹால்டன், ஹேமர்ஸ்லி என்ற கணிதவியலாளர்கள் மூவரும் 1959-இல் நிறுவினார்கள். விளிம்புப் புள்ளிகளுக்கு ஒரு பக்கம் அண்டையே கிடையாது, அதனால்தான் சிறிய எண்ணிக்கையில் விகிதம் தூக்கலாக வருகிறது.

இந்த வர்க்கமூலத்தை அதற்கு முன்பே வயல்வெளியில் பார்த்தவர் இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ். வங்காளத்தில் சணல் விளையும் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட்டபோது, ஆட்கள் ஒரு மாதிரி இடத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் தூரமும் செலவுதானே? 1940 கட்டுரையில் அதற்கு ஒரு சூத்திரம் தருகிறார்: எண்ணிக்கையின் வர்க்கமூலம், அதிலிருந்து அதன் தலைகீழைக் கழி. 100 இடத்துக்கு 9.9. உன் 7.8-ஐவிட அதிகம்தான், ஆனால் வளரும் விதம் அதேதான். மாதிரியை இரட்டிப்பாக்கினால் அளக்கும் வேலை இரட்டிப்பு, நடை ஏறத்தாழ 41 சதவீதம்தான் கூடும். எத்தனை இடம் எடுப்பது என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது. வகுப்பில் நான் மிகவும் ஆசையாக நடத்திய பாடம் இது.

பதில் (முப்பரிமாணன்):
கனசதுரத்துக்குள் தூவிப் பாருங்கள், வர்க்கமூலத்துக்குப் பதில் (அதாவது எண்ணிக்கையின் அடுக்கு 1/2-க்குப் பதில்) அடுக்கு 2/3 ஆகிவிடும். எட்டு மடங்கு புள்ளிக்கு நாலு மடங்கு நீளம்.

பைத்தான் பித்தன்:
நன்றி ஐயா. 0.7124-க்குச் சரியான மதிப்பு உண்டா, பை மாதிரி ஏதாவது?

புள்ளியியல் வாத்தியார்:
இதுவரை யாருக்கும் தெரியாது. 0.7124 கணினி தந்த மதிப்பீடு. நிறுவப்பட்ட வரம்புகள் ரொம்ப அகலம்: கீழே 0.625-ஐ ஒட்டி, மேலே சுமார் 0.92. சதுரத்தைப் பட்டைகளாக வெட்டி, ஏர் ஓட்டுவதுபோல் ஒன்றில் ஏறி அடுத்ததில் இறங்கினாலே அந்த 0.92 கிடைத்துவிடும். 1959-க்குப் பிறகு இரண்டு வரம்புகளும் மயிரிழை அளவே நகர்ந்திருக்கின்றன. இன்னொன்று: ஊர் முகவரிகளுக்கு இந்த எண்ணை அப்படியே போடாதே. வீடுகள் கொத்துக் கொத்தாக இருக்கும், சுற்று இதைவிடக் குறையும்.