பாட்டி பெட்டியில் மூர் மார்க்கெட்
(வீட்டுத் திண்ணை குழு, ஞாயிறு காலை)

கவிதா: பாட்டியின் டிரங்குப் பெட்டியை இன்று பிரித்தோம். புடவைக்கு அடியில் இது இருந்தது. [படம்]

கவிதா: மெட்ராஸ் மூர் மார்க்கெட் போஸ்ட்கார்டு. வானம் முழுக்க யாரோ மசியால் கிறுக்கிப் படத்தையே பாழாக்கியிருக்கிறார்கள்.

பெரியப்பா: பாழ் இல்லை கண்ணு. கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடு.

கவிதா: [படம்] முகவரி மட்டும்தான் இருக்கிறது. நடுவில் கோடுகூட இல்லை.

பெரியப்பா: அதுதான் விஷயம்! அப்போது பின்பக்கம் முகவரிக்கு மட்டும். ஏதாவது எழுத வேண்டுமென்றால் படத்து மேலேயே எழுத வேண்டியதுதான். பாதி சேதி, பாதி முகவரி என்று நடுவில் கோடு போட பிரிட்டனில் 1902-இல் விட்டார்கள், அமெரிக்காவில் 1907-இல். கோடு இல்லாத அட்டை என்றால் பெரும்பாலும் அந்தக் காலத்துச் சரக்கு. தபால் முத்திரையில் வருஷம் தெரிகிறதா?

கவிதா: 05 மாதிரி இருக்கிறது. ஸ்டாம்பில் தாடிக்கார ராஜா.

பெரியப்பா: ஏழாம் எட்வர்டு. 1910-இல் போய்ச் சேர்ந்தார். மார்க்கெட் திறந்தது 1900-இல். சரி, 1905 பொருந்துகிறது.

கார்த்தி: நல்ல விலைக்குப் போகுமா பெரியப்பா?

பெரியப்பா: வந்துட்டியா! சென்ட்ரல், ஹைகோர்ட், மூர் மார்க்கெட் இதையெல்லாம் கார்டாக அச்சடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ஹிக்கின்பாதம்ஸ் போட்டது, வீல் அண்ட் கிளைன் ஸ்டூடியோ போட்டது என்று என்னிடமே நாலைந்து உண்டு. சின்ன ஊர்க் கட்டடம் ஏதாவது கிடைத்தால் சொல், அதற்குத்தான் அடிதடி.

அம்மா: நிறம் ஏன் இப்படி ரோஸாக இருக்கிறது? அது செக்கச்செவேல் என்று செங்கல் கட்டடம். நான் பார்த்திருக்கிறேனே.

பெரியப்பா: போட்டோ எடுத்தது கறுப்பு வெள்ளையில். நிறையக் கார்டுகள் ஜெர்மனியில் அச்சானவை. வர்ணம் பூசியவர் மெட்ராஸ் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். நிறத்தை விடு, வளைவையும் ஜன்னலையும் பார்.

சித்தப்பா: என்னிடம் ஒரு ஹைகோர்ட் கார்டு இருந்ததே, அதை லேமினேட் போட்டுவிட்டேன். பளபளவென்று இருக்கிறது 😊

பெரியப்பா: 🤦 லேமினேட்டா!

சித்தப்பா: நூறு வருஷம் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னார் அண்ணா.

பெரியப்பா: அது ஏற்கெனவே நூறு வருஷம் தாங்கியதுடா! சூட்டில் ஒட்டிய பசையை இனிப் பிரிக்கவே முடியாது. கவிதா, நீ செலோ டேப், ரப்பர் பேண்ட் எதையும் கிட்டே கொண்டுபோகாதே. இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வை. ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பெட்டியையும் உதறிப் பார்.

கவிதா: சரி. கிறுக்கலைப் படித்துவிட்டேன்! "சௌக்கியம். செருப்பு அறுந்துபோயிற்று. பெருக்கல் குறி போட்ட வாசலில் நுழைந்து புதிது வாங்கினேன். நாலணா அதிகம். அப்பாவிடம் சொல்ல வேண்டாம்."

கார்த்தி: 😂😂 சொல்லாதே என்று போஸ்ட்கார்டிலா எழுதுவார்கள்? தபால்காரரில் ஆரம்பித்துத் தெருவே படித்திருக்குமே!

பெரியப்பா: குறி எங்கே இருக்கிறது?

கவிதா: இடது பக்க வளைவுக்குக் கீழே, பொடியாக. [படம்]

அம்மா: அந்த மார்க்கெட்டில்தான் உங்கள் அப்பா எனக்குக் கிளி வாங்கிக் கொடுத்தார். கூண்டோடு பஸ்ஸில் ஏறக் கூடாது என்றுவிட்டார்கள், நடந்தே வந்தோம். 1985-இல் தீப்பிடித்தபோது அந்தக் கிளிக்கடைக்காரர் என்ன ஆனாரோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

கார்த்தி: இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது?

அம்மா: மின்சார ரயில் நிற்கிற இடம்தான். தினம் நீ இறங்குகிறாயே.

பெரியப்பா: கவிதா, அடுத்த வாரம் வரும்போது கார்டைக் கொண்டுவா. லென்ஸ் வைத்துப் பார்க்கலாம்.

கவிதா: கொண்டுவருகிறேன். சித்தப்பா கண்ணில் மட்டும் காட்டாதீர்கள்.

சித்தப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் 🙄