சட்டத்துல பிஹெச்டி: வெளிநாட்டு மாணவங்களுக்கு ஃபீஸ், ஸ்டைபெண்ட் ரெண்டும் கிடைக்கிற வழி எது?

மனுதாரர்27:
எல்லாருக்கும் வணக்கம். எல்எல்எம் (சட்டத்துல முதுகலை) முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கேன். வெளிநாட்டுல பிஹெச்டி பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆனா கைக்காசு போட வழியில்ல, கடன் வாங்கவும் மனசில்ல, அதனால முழு ஃபண்டிங் கிடைச்சாதான் போக முடியும். நெட்ல 'ஃபுல்லி ஃபண்டட்'னு வர்ற லிஸ்ட்டெல்லாம் ஒண்ணு விடாம திறந்து பாத்துட்டேன், பாதி எல்எல்எம்முக்கானது, மீதியில பாதி ஃபீஸ்ல ஏதோ கொஞ்சம் குறைக்கிறது. என் டாபிக் 'செயற்கை நுண்ணறிவும் குற்றவியல் நீதியும்', அதுல ஜாமீன் பக்கம்தான் முக்கியமா பாக்கணும்னு இருக்கு. எந்த நாட்டுல தேடுறது, எப்ப ஆரம்பிக்கறது? போயிட்டு வந்தவங்க யாராவது சொன்னா பெரிய உதவியா இருக்கும்.

வடகாத்து:
ப்ரோ, முதல்ல 'ஸ்காலர்ஷிப்'ங்கற வார்த்தையைப் போட்டு தேடறதை நிறுத்துங்க, 'பிஹெச்டி வேகன்சி'ன்னு தேடுங்க. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், நெதர்லாந்து இங்கெல்லாம் பிஹெச்டிங்கறது பெரும்பாலும் வேலைதான், கான்ட்ராக்ட் போட்டு மாச சம்பளம் தருவாங்க, லீவு உண்டு, பென்ஷன் உண்டு, ஃபீஸ்ங்கற பேச்சே இல்ல. நான் நார்வேல பண்ணேன். அங்க மூணு வருஷம் முழுக்க ஆராய்ச்சி, இல்லன்னா நாலு வருஷம், அதுல 25 சதவீதம் நேரம் கிளாஸ் எடுக்கற மாதிரி வேலை. நெதர்லாந்துல வழக்கமா நாலு வருஷம். ஜாப்நார்ஜ், அகடமிக்ட்ரான்ஸ்ஃபர், யூராக்சஸ் மூணு சைட்லயும் அலர்ட் போட்டு வைங்க.

ஒண்ணு மட்டும் கவனிங்க. இந்த விளம்பரங்கள்ல நிறைய, ஒரு பேராசிரியர் ஏற்கெனவே பணம் வாங்கி வெச்சிருக்கிற ப்ராஜெக்ட்டுக்குள்ள இருக்கும், உங்க டாபிக்கை அதுக்குத் தோதா திருப்பணும், அதுக்கு மனசு வரலன்னா ஓப்பன் டாபிக்னு போட்டிருக்கறதுக்கு மட்டும் போடுங்க. அப்புறம் ஐரோப்பிய ஒன்றியம் பணம் தர்ற மேரி க்யூரி டாக்டரல் நெட்வொர்க்னு வர்றதுல ஒரு ரூல் இருக்கு, வேலையில சேர்றதுக்கு முந்தின 36 மாசத்துல அந்த நாட்டுல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. அங்கயே எல்எல்எம் முடிச்சுட்டு வேலையும் பாத்துட்டிருந்த ஒரு ஃப்ரெண்டுக்கு இதுலதான் கைவிட்டுப் போச்சு.

கோட்டுக்காரி:
நான் பிரிட்டன்ல பண்றேன், மூணாவது வருஷம். இங்க ரொம்பப் பேர் ஏமாறற இடம், அட்மிஷன் வேற ஃபண்டிங் வேறங்கறது. அப்ளை பண்ண ஆரம்பிச்ச முதல் வருஷம் எனக்கு ஒரு யுனிவர்சிட்டில ஆஃபர் வந்துச்சு, வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, பணம் வரும் வரும்னு ஜூன் வரைக்கும் உக்காந்திருந்தேன், கடைசில ஒரு வரி மெயில்ல இல்லன்னுட்டாங்க. அட்மிஷன் கடைசித் தேதிக்கு நான் அப்ளை பண்ணியிருந்தேன், ஃபண்டிங்குக்கான தேதி அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே முடிஞ்சுபோனது எனக்குத் தெரியவே தெரியாது. அதனால செப்டம்பர்லயே எல்லாம் ரெடியா இருக்கணும், டிசம்பர், ஜனவரியோட பெரிய ஸ்காலர்ஷிப் எல்லாம் மூடிடும்.

ஆக்ஸ்ஃபோர்டுல கிளாரண்டன் ஸ்காலர்ஷிப்புக்குத் தனி அப்ளிகேஷன் கிடையாது, டிசம்பர் இல்ல ஜனவரி கெடுவுக்குள்ள கோர்ஸுக்குப் போட்டாலே அதுக்கும் பாப்பாங்க. கேம்பிரிட்ஜ்ல கேட்ஸ் ஸ்காலர்ஷிப் 2000ல 21 கோடி டாலர் நன்கொடையில ஆரம்பிச்சது, பிரிட்டன் குடிமக்கள் தவிர எந்த நாட்டுக்காரரும் போடலாம். அப்புறம் யூகேஆர்ஐ (பிரிட்டன் அரசோட ஆராய்ச்சி நிதி அமைப்பு) ஃபண்டிங், 2021லேர்ந்து வெளிநாட்டு மாணவங்களுக்கும் திறந்துவிட்டாங்க, ஆனா ஒரு பேட்ச்ல 30 சதவீதம் வரைக்கும்தான். 2025-26க்கு அதோட ஸ்டைபெண்ட், அதாவது வாழ்க்கைச் செலவுக்குத் தர்ற பணம், வருஷத்துக்கு 20,780 பவுண்டு. இதுல ஒரு நெருடல், அவங்க கட்டற ஃபீஸ் உள்ளூர் மாணவங்களுக்கான ரேட், நம்ம ரேட் அதைவிட ரொம்ப ஜாஸ்தி, அந்த வித்தியாசத்தை யுனிவர்சிட்டி தள்ளுபடி பண்ணுதான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க. விசாவோட கட்டற ஹெல்த் சர்சார்ஜ் (அரசு மருத்துவத்துக்கான கட்டணம்) வருஷத்துக்கு 776 பவுண்டு, விசா எத்தனை வருஷமோ அத்தனைக்கும் முன்கூட்டியே கட்டணும், அதை யார் தர்றாங்கன்னும் கேளுங்க. இன்னொண்ணு, நிறைய ஸ்காலர்ஷிப் மூணு வருஷத்துக்குத்தான், சட்டத்துல தீசிஸ் மூணு வருஷத்துல முடியறது அபூர்வம். நாலாவது வருஷத்துக்கு என்ன வழின்னு இப்பவே யோசிச்சு வைக்கணும், நான் இப்ப அதுலதான் மண்டையைப் பிச்சுக்கிட்டிருக்கேன்.

ஏழாம்மாடி:
மத்த நாடுகளைப் பத்தி வேகமா சொல்லிடறேன். அமெரிக்கால நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு எஸ்ஜேடி, ஜேஎஸ்டிங்கற சட்ட டாக்டரேட்தான், பெரும்பாலும் அவங்ககிட்டயே எல்எல்எம் படிச்சவங்களைத்தான் எடுப்பாங்க, அந்த எல்எல்எம் செலவே உங்களால தாங்க முடியாது. யேல்ல 'பிஹெச்டி இன் லா'ன்னு ஒண்ணு இருக்கு, அது அமெரிக்க ஜேடி (அங்க வக்கீலாகப் படிக்கிற பட்டம்) வெச்சிருக்கறவங்களுக்கு, அதை நம்பி நேரத்தை விடாதீங்க. ஆஸ்திரேலியால ஆர்டிபிங்கற அரசு ஆராய்ச்சி உதவித்தொகை, ஃபீஸும் ஸ்டைபெண்டும் சேர்ந்தே வரலாம். ஹாங்காங்ல பிஹெச்டி ஃபெல்லோஷிப் ஸ்கீம் 2009லேர்ந்து இருக்கு, செப்டம்பர்ல திறந்து டிசம்பர் ஆரம்பத்துல மூடிடும், ஸ்டைபெண்ட் நல்லாவே இருக்கும், ஏன்னோ நம்மாளுங்க யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதில்ல. ஃப்ளாரன்ஸ்ல இருக்கிற ஐரோப்பிய பல்கலைக்கழக நிறுவனத்துல சட்டத்துக்குத் தனித் துறையே இருக்கு, நாலு வருஷ ப்ரோக்ராம், ஆனா அங்க கிராண்ட் நாட்டுவாரியா பிரிஞ்சிருக்கும், உங்க நாட்டுக்கு எது பொருந்தும்னு பாத்துட்டு உழைங்க.

ஆனா தம்பி, இதையெல்லாம் விட எனக்கு உங்க டாபிக்தான் கவலையா இருக்கு. மூணு வருஷமா ஒரு செலக்‌ஷன் கமிட்டில ப்ரொபோசல் படிக்கறேன். 'செயற்கை நுண்ணறிவும் குற்றவியல் நீதியும்'னு எழுதி வர்றதை ரெண்டாவது பத்திக்கு மேல படிக்க வைக்கறது கஷ்டம், ஏன்னா அதுல கேள்வியே இல்ல, அது ஒரு புஸ்தகத்தோட அட்டை. ஜாமீன்னு சொன்னீங்களே, அங்கதான் உங்க கேள்வி இருக்கு. அமெரிக்கால நியூ ஜெர்சில 2017லேர்ந்து பணம் கட்டி ஜாமீன் வாங்கறதை அநேகமா விட்டுட்டு, ஆள் கோர்ட்டுக்கு வராம போவாரா, மறுபடி குத்தம் பண்ணுவாரான்னு கணக்குப் போட்டு வர்ற ஒரு ரிஸ்க் ஸ்கோரை ஜட்ஜ் முன்னாடி வைக்கிறாங்க. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 2016ல லூமிஸ் வழக்குல, தண்டனை குடுக்கறப்ப இந்த மாதிரி ஸ்கோரைப் பாக்கலாம், ஆனா அதுவே தீர்மானிக்கிற காரணமா இருக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. சரி, அதுவே காரணமா இருந்துச்சா இல்லையான்னு மேல்கோர்ட்டு எதை வெச்சு கண்டுபிடிக்கும்? ஜட்ஜ் எழுதற உத்தரவை வெச்சுத்தான. உங்க சீனியர் ஆபீஸ்ல தினமும் ஜாமீன் உத்தரவு படிக்கறீங்க இல்ல, 'குற்றத்தின் தீவிரத்தைக் கருத்தில் கொண்டு'ன்னு ஒரே ஒரு வரில தள்ளுபடி பண்ற உத்தரவு எத்தனை பாத்திருப்பீங்க? அந்த அனுபவம் மத்த அப்ளிகன்ட் யார்கிட்டயும் இருக்காது. அதை ப்ரொபோசல் முதல் பத்தில வைங்க.

சூப்பர்வைசருக்கு மெயில் போடறப்பவும் அப்படித்தான். சிவியை அட்டாச் பண்ணி 'உங்கள் கீழ் ஆய்வு செய்ய விரும்புகிறேன்'னு இருபது பேருக்கு ஒரே மெயில் போகக் கூடாது. அவங்க கட்டுரை ஒண்ணைப் படிச்சு, அதுல அவங்க தொடாம விட்ட ஒரு இடத்தைச் சொல்லி, பத்து வரிக்குள்ள எழுதுங்க. நாலு பேருக்குப் போட்டா போதும்.

மனுதாரர்27:
கோட்டுக்காரி அக்கா, அந்த ஃபீஸ் வித்தியாசம் எனக்குத் தெரியவே தெரியாது, நோட் பண்ணிட்டேன். ஏழாம்மாடி அண்ணா, நேத்து ராத்திரி உங்க பதிலைப் படிச்சுட்டு ஆபீஸ்ல இருக்கிற பழைய ஃபைல் கட்டை எடுத்து உக்காந்தேன், 40 ஜாமீன் தள்ளுபடி உத்தரவு பாத்ததுல 26ல காரணம் மூணு வரியைத் தாண்டல. இப்ப கேள்வியை இப்படி எழுதியிருக்கேன்: 'ரிஸ்க் ஸ்கோரைப் பாத்துட்டு ஜாமீன் மறுக்கிற நீதிபதி, அந்த ஸ்கோருக்கு எவ்வளவு எடை குடுத்தார்னு உத்தரவுல எழுதியே ஆகணுமா?' சரியா இருக்கா?

ஏழாம்மாடி:
இதுக்கு ஆமாம், இல்லன்னு பதில் சொல்லி வாதாட முடியும், அப்ப இது கேள்விதான். அந்த 40 உத்தரவையும் தேதியோட, பேரையெல்லாம் எடுத்துட்டு ஒரு ஷீட்ல போட்டு வைங்க, ஆனா சீனியர்கிட்ட கேக்காம எதையும் வெளியில எடுத்துட்டுப் போகாதீங்க. எந்த ரெண்டு நாட்டை ஒப்பிடப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு ட்ராஃப்ட் போடுங்க, நான் படிச்சு சொல்றேன்.