கோத்தகிரியிலேயே இருந்து வேலை தேடுகிறேன், பி.காம். முடித்தவளுக்கு இங்கே என்ன இருக்கிறது?

லைன்வீட்டுப் பெண்:

வணக்கம். எனக்கு 22 வயது. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வீடு கோத்தகிரிக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் லைனில் (வரிசை வீடுகள்), பஸ் நிற்கும் இடத்திலிருந்து இருபது நிமிடம் இறங்கி நடக்க வேண்டும். தாத்தாவும் பாட்டியும் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்தவர்கள். அம்மா இன்னும் தேயிலை பறிக்கப் போகிறார். அப்பா இலை ஏற்றும் பிக்கப் ஓட்டினார். இரண்டு வருடம் முன்பு மழையில் வண்டி சரிந்ததில் வலது கால் போய்விட்டது, இப்போது முற்றத்தைத் தாண்டுவதில்லை. அம்மா காலையில் போனால் அப்பாவைப் பார்க்க நான் ஒருத்திதான். இரவு வீடு திரும்புகிற மாதிரி வேலை வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லோரும் "திருப்பூர் போம்மா" என்பீர்கள்.

இதுவரை பார்த்தது இரண்டு வேலை. துணிக்கடையில் நாலு மாதம், 7,000 ரூபாய். தீபாவளி முடிந்ததும் "பொங்கலுக்குக் கூப்பிடுகிறோம்" என்றார்கள், கூப்பிடவில்லை. அப்புறம் சீசனில் ஒரு காட்டேஜில் ரிசப்ஷன், 9,000 பேசினார்கள். ஜூன் கடைசியில் ஆள் வேண்டாம் என்று சொல்லி, குளியல் துண்டு மூன்று காணோம் என்று 1,800 பிடித்துக்கொண்டு மிச்சம் கொடுத்தார்கள். அந்தத் துண்டுகளை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. பெட்டி கட்டும்போது யார் போட்டுக்கொண்டு போனார்களோ!

டாலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) கொஞ்சம் தெரியும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப் அடிப்பேன், லோயர் வரை தேறியிருக்கிறேன். இதை வைத்து இங்கே என்ன செய்யலாம்?

மேட்டுப்பாளையம்காரன்:

கோபப்படாதீர்கள் தங்கச்சி, நானும் அதையேதான் சொல்லப் போகிறேன். கோவையில் இதே படிப்புக்கு 15,000-ல் ஆரம்பிக்கலாம். ஆறு மாதம் ஹாஸ்டலில் இருந்து பாருங்கள். மலையில் உட்கார்ந்து காத்திருந்தால் வயதுதான் ஏறும்.

லைன்வீட்டுப் பெண்:

அண்ணா, 15,000-ல் ஹாஸ்டல் 6,000, சாப்பாடு, பஸ். அப்பாவைப் பார்க்க ஆள் வைத்தால் மிச்சமும் போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வளைவுக்கு வளைவு:

டாக்ஸி ஓட்டுகிறேன், அதனால் இது மட்டும் சொல்கிறேன். காட்டேஜ் வேலையை நம்பாதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் முதல் ஜூன் வரை, நீலகிரிக்கு ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று ஐகோர்ட் கட்டுப்பாடும் போட்டது. மலைக்கு நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் சீசனுக்கு மட்டும் ஆள் எடுக்கிற முதலாளி, நாலு ரூம் காலியாகக் கிடந்தால் முதலில் கைவைப்பது உங்கள் சம்பளத்தில்தான். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் என்று ஒன்று உண்டு, அதை வைத்து வருடம் ஓட்ட முடியாது.

இலைக்கணக்கு:

தாயி, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 31 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். பெயர் வேண்டாம், ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நீ சொன்ன இரண்டு இடத்திலும் உன்னை வைத்தது கவுண்டரில் நிற்க. உன் படிப்புக்கு அங்கே வேலையே இல்லை. உன் வீட்டைச் சுற்றி எத்தனை புகைபோக்கி தெரிகிறது என்று எண்ணிப் பார். அத்தனை இடத்திலும் ஒரு ஆபீஸ் உண்டு. சொந்தத் தோட்டம் இல்லாமல் சிறு விவசாயிகளிடம் இலை வாங்கி அரைக்கிற ஃபேக்டரிகள் அவை. ஒரு ஃபேக்டரிக்கு நூற்றுக்கணக்கான பேர் இலை போடுவார்கள். கால் ஏக்கர்காரரும் உண்டு, பத்து ஏக்கர்காரரும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தினமும் இலைப் புத்தகத்தில் எடை எழுத வேண்டும், மழை நாளில் ஈரத்துக்குக் கழிவு போட வேண்டும், வாங்கிய அட்வான்ஸ், உர பாக்கி எல்லாவற்றையும் பிடித்து மாதக் கடைசியில் பில் போட வேண்டும். ஒரு கிலோ தவறினாலும் மறுநாள் காலை அந்த மனிதர் மஃப்ளரைக் கழற்றாமல் உன் மேஜைக்கு முன்னால் நிற்பார்.

அப்புறம் அவுட்டர்ன். நாலு, நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் வரும். கணக்கில் அதைவிட அதிகம் இலை போனதாகக் காட்டினால், தராசில் கோளாறு அல்லது தூள் எங்கோ போகிறது. இதைப் பிடிக்கிற கணக்கரை எந்த முதலாளியும் சீக்கிரம் அனுப்ப மாட்டார். குன்னூர் ஏலத்துக்கு அனுப்பிய தூளுக்கு விலை வந்ததா, ஜி.எஸ்.டி., தேயிலை வாரியத்துக்குப் போகிற கணக்கு, இதெல்லாம் தனி. ஜனவரியில் உறைபனி விழுந்து இலை இல்லாமல் மெஷின் நின்றாலும் ஆபீஸ் நிற்காது. மார்ச் கணக்கு முடிப்பு இருக்கிறதே.

இந்த வேலைக்கு விளம்பரம் வராது, நேரே போ. இலை லாரி வருகிற சாயங்காலம் போகாதே, பில் போடுகிற மாதக் கடைசியில் போகாதே. மாத நடுவில், காலை பத்து மணிக்கு மேனேஜரைப் பார். "டாலி தெரியும்" என்று மட்டும் சொன்னால் எல்லோரையும் போல ஆகிவிடுவாய். "அப்பா இலை பிக்கப் ஓட்டினார், இலைப் புத்தகம் வீட்டில் பார்த்திருக்கிறேன்" என்று சொல். சம்பளம் பேசும்போதே பி.எஃப். உண்டா என்று கேள். 20 பேர் வேலை செய்கிற இடத்தில் அது கட்டாயம், கேட்பதில் வெட்கம் வேண்டாம். துண்டு, தட்டு, பேனா எதற்கும் பிடித்தம் கிடையாது என்பதையும் கேட்டுக்கொள்.

குரூப்ஃபோர் மூன்றாம் முறை:

டைப்பிங் இருக்கிறதா? அதை ஹையர் வரை கொண்டுபோங்கள் அக்கா. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அரசுத் தேர்வில் டைப்பிஸ்ட் பணிக்குப் பத்தாவதோடு டைப்பிங் சான்றிதழும் கேட்பார்கள், அதனால் கூட்டம் கொஞ்சம் குறையும். 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் பாதி தமிழ். தமிழில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மிச்சத்தைத் திருத்தவே மாட்டார்கள். நேர்முகத் தேர்வு கிடையாது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள், நான் ஒருமுறை விட்டுவிட்டு அழுதேன். ஆனால் இதையே நம்பி வீட்டில் உட்கார வேண்டாம். நான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

லைன்வீட்டுப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. பதினேழாம் தேதி போனேன் ஐயா. முதல் ஃபேக்டரியில் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. இரண்டாவதில் மேனேஜர் ஒரு பழைய இலைப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, ஜூலை மாதத்தைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார். 18-ம் தேதி 42 கிலோவை 24 என்று எழுதியிருந்தார்கள். சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை, "திங்கட்கிழமை வா" என்றார். 11,000, மூன்று மாதம் கழித்து 12,500. பி.எஃப். உண்டு. துண்டைப் பற்றியும் கேட்டேன், அவருக்குப் புரியவில்லை.

ஒரு சிக்கல். இலை வருகிற மாதங்களில் எட்டு மணி வரை எடை எழுத வேண்டுமாம். எங்கள் பக்கம் கடைசி பஸ் 7.40. என்ன செய்வது?

இலைக்கணக்கு:

உங்கள் லைன் பக்கம் இலை எடுக்கிற பிக்கப், இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத்தானே அந்த வழியே திரும்பும்? டிரைவர் யார் என்று அப்பாவிடம் கேள். ஆபீசில் வேலை செய்கிற பெண்களை நாங்கள் அப்படித்தான் அனுப்புவோம், முன் சீட்டில். மேனேஜரிடம் முதல் நாளே சொல்லி டிரைவருக்கும் சொல்ல வை.

லைன்வீட்டுப் பெண்:

கேட்டேன். அப்பாவிடம் கிளீனராக இருந்தவர்தான் இப்போது ஓட்டுகிறாராம். அப்பாவே போன் போட்டுப் பேசினார். கால் போனதற்கு அப்புறம் வண்டிக்காரர்கள் யாரிடமும் அவர் பேசி நான் பார்த்ததில்லை, முக்கால் மணி நேரம் பேசினார். பிரேக் பற்றித்தான் பாதி.