கிரானைட் சுரங்க மாடலில் 'வி' பள்ளம் சரியாக வரவில்லை, தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். ஆழ்சுரங்கங்களில் பாறை நொறுங்குவதைக் கணினியில் மாடல் செய்வதுதான் என் எம்.டெக் ஆய்வு. எங்கள் கரையோரம் தோண்டினால் மணலும் சுண்ணாம்புக்கல்லும்தான், கிரானைட் பற்றிக் கேட்க அருகில் ஆள் இல்லை.

எடுத்திருப்பது கனடாவின் மானிடோபாவில், 420 மீட்டர் ஆழத்தில், வெடி வைக்காமல் குடைந்த 3.5 மீட்டர் விட்டச் சோதனைச் சுரங்கம். அங்கே முதன்மைத் தகைவுகள் (பாறையை மூன்று செங்குத்துத் திசைகளில் அழுத்தும் அழுத்தங்கள்) சுமார் 60, 45, 11 மெகாபாஸ்கல். பெரியது கிட்டத்தட்ட கிடையாக இருப்பதால் வட்டச் சுரங்கச் சூத்திரப்படி கூரையில் 3 × 60 − 11, அதாவது 169 வரும். ஆய்வகத்தில் அதே கல் 200-க்கு மேல் தாங்குகிறது. ஆனாலும் கூரையும் தரையும் 'வி' வடிவில் ஏடு ஏடாக உரிந்தன. எனக்கு இந்த ஆய்வில் பிடித்ததே இந்த முரண்தான்.

பாறை எப்போது உடையும் என்று கணிக்கும் மோர்-கூலம் விதியில் ஒட்டுவலிமையும் உராய்வும் ஒரே நேரத்தில் செயல்பட்டால் அந்தப் பள்ளம் வருவதில்லை. அதனால் ஒட்டுவலிமையை 50-லிருந்து 15 மெகாபாஸ்கலுக்கு இறக்கி, உராய்வுக் கோணத்தை 0-லிருந்து 48 பாகைக்கு ஏற்றுகிறேன். இந்த மாற்றங்கள் முடியும் பிளாஸ்டிக் திரிபு (மீளாத உருமாற்றம்) வரம்புகள் முறையே 0.2%, 0.5%. பள்ளம் வருகிறது, சரி. ஆனால் மாடலைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வலைக்கண்ணைச் சிறிதாக்கினால் அதன் ஆழமே மாறிவிடுகிறது.

வலைக்கண் அளவுக்கு ஏற்ப இந்தத் திரிபு வரம்புகளை எப்படித் திருத்துவது? சுவர்த் தகைவை ஒரே அடியாக எடுக்காமல் படிப்படியாகத் தளர்த்தினால் வித்தியாசம் தெரியுமா? ஃப்ளாக் மென்பொருளில் இதைச் செய்த அண்ணன்மார், அக்காமார் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கோப்பை அனுப்பி வைக்கிறேன்.