ரிமினியில் சின்ன ஹோட்டல்: முன்பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

(பயணிகள் சிலர் எழுதிய குறிப்புகள். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

உப்புக்காற்று

இத்தாலியின் கடற்கரை ஊரான ரிமினிக்குப் போகிறவர்கள் முதலில் ஏமாறும் இடம் விலைப்பட்டியல். ஹோட்டலின் சொந்தத் தளத்தில் 70 யூரோ என்று போட்டிருந்தால் அது அறைக்கு இல்லை, ஆளுக்கு. ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு, பெரும்பாலும் இரண்டு வேளைச் சாப்பாட்டோடு. கணவன் மனைவி என்றால் 140. அதே ஹோட்டலை முன்பதிவுச் செயலியில் பார்த்தால் அறைக்கு மொத்தமாக ஒரு தொகை காட்டும், அதில் காலை உணவு மட்டும் இருக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று பார்த்தால் கணக்கு உதைக்கும். சாப்பாடு, கடற்கரைக் குடை, கார் நிறுத்தம், ஏசி இத்தனையும் சேர்த்த மொத்தத்தை எழுதி வாங்கிய பிறகே ஒப்பிடுங்கள்.

சாப்பாட்டுத் திட்டம் நான்கு வகை: தங்கல் மட்டும், காலை உணவோடு, காலையும் இரவும் (மெட்ஸா பென்சியோனே), மூன்று வேளையும் (பென்சியோனே கொம்ப்ளேத்தா). இதில் "பெவாண்டெ எஸ்க்ளூஸெ" என்று ஒரு வரி இருந்தால் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடத் தனிக்காசு என்று பொருள். நால்வர் குடும்பம் ஒரு வாரம் தங்கினால் தண்ணீர்க் கணக்கே கடைசி நாளில் முகத்தைச் சுளிக்க வைக்கும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் "2+2=3" என்ற சலுகையைத் தேடுங்கள். இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை, மூன்று பேருக்குக் கட்டணம். வயது வரம்பை மட்டும் கேட்டால் போதாது. நான்கு பேரும் ஒரே அறையில் என்பதுதான் நிபந்தனை, அந்த அறை பல இடங்களில் இருவருக்கான அறையில் அடுக்குக்கட்டில் ஒன்றைத் திணித்ததாக இருக்கும். அறை எத்தனை சதுர மீட்டர் என்று கேளுங்கள். 16க்குக் கீழே என்றால் பெட்டியைத் திறக்கக் கட்டில் மேல்தான் இடம்.

தேதி: ஆகஸ்ட் 15 ஃபெர்ராகோஸ்தோ, இத்தாலியே கடற்கரைக்கு வரும் நாள். அதை ஒட்டிய வாரங்களில் விலை ஜூன் தொடக்கத்து விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு போகும். சனிக்கிழமை வந்து சனிக்கிழமை போகிறவர்களுக்குத்தான் பல ஹோட்டல்கள் அறை தரும். செப்டம்பரின் முதல் இரண்டு வாரத்துக்குத்தான் என் வாக்கு. கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் ஆறியிருக்காது, விலை இறங்கியிருக்கும். செப்டம்பர் கடைசியில் போக நினைத்தால் ஹோட்டல் திறந்திருக்குமா என்று பாருங்கள். ஆண்டு முழுதும் இயங்குபவை குறைவு, பருவ ஹோட்டல்களே அதிகம்.

தண்டவாளம்

இடம் பற்றி நான் சொல்கிறேன். ரிமினியின் கடற்கரை சுமார் 15 கிலோமீட்டர். "ரிமினியில் ஹோட்டல்" என்றால் எந்த முனையிலும் இருக்கலாம்.

மரினா சென்ட்ரோ (நடுக் கடற்கரைப் பகுதி): ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், பழைய நகரமும் அருகில். கி.மு. 27இல் எழுப்பிய அகஸ்டஸ் வளைவு, இன்றும் ஆட்கள் நடந்து கடக்கும் திபேரியஸ் பாலம், 2021இல் திறந்த, திரைப்பட இயக்குநர் ஃபெல்லினியின் அருங்காட்சியகம் எல்லாம் இந்தப் பக்கம்தான். ஜூலை, ஆகஸ்டில் இரவு இரண்டு மணி வரை தெருச் சத்தம் இருக்கும். தூக்கம் வேண்டுமென்றால் உள்முற்றத்தைப் பார்த்த அறை கேளுங்கள்.

வடக்கே விசேர்பா, தோர்ரே பெத்ரேரா: கடலுக்குள் கல் தடுப்பணைகள் போட்டிருக்கிறார்கள், அலை அடங்கியிருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. விலையும் குறைவு. இங்கே போகும் ரயில் ராவென்னா பாதையில் வருவது. பொலோன்யா நகரிலிருந்து வருகிறவர்கள் ரிமினியில் இறங்கி மாற வேண்டும், அல்லது நிலையத்து வாசலில் 4ஆம் எண் பஸ்.

தெற்கே பெல்லாரீவா, மிராமாரே: 11ஆம் எண் பஸ் கடலோரச் சாலையில் பக்கத்து ஊரான ரிச்சோனே வரை ஓடுகிறது. நிறுத்தங்களுக்கு எண் உண்டு. ஹோட்டலிடம் "எந்த எண் நிறுத்தம்" என்று கேட்டு வைத்துக்கொண்டால் பெட்டியோடு அலைய வேண்டாம். 2019இல் வந்த மெத்ரோமாரே மின்பஸ் தனிப்பாதையில் போவதால் நெரிசலில் சிக்காது, ஆனால் அது ரயில் பாதையை ஒட்டி ஓடுகிறது. கடலோர ஹோட்டலுக்கு இறங்கி நடக்கணும். அந்த ரயில் பாதைதான் இன்னொரு சிக்கல். வரைபடத்தில் ஹோட்டலுக்குப் பின்னால் தண்டவாளம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சரக்கு ரயில் இரவிலும் ஓடும்.

"கடலிலிருந்து 50 மீட்டர்" என்பது மணல் தொடங்கும் இடம் வரைக்குமான கணக்கு. மணற்பரப்பே அகலம். நூறு மீட்டருக்கு மேல் மணலில் நடந்த பிறகுதான் பல இடங்களில் தண்ணீர். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். அதேபோல "பக்கவாட்டுக் கடல் காட்சி" என்றால் பால்கனியில் கழுத்தை நீட்டினால் தெரியும் ஒரு நீலத் துண்டு. அதற்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

பொலோன்யாவிலிருந்து வட்டார ரயிலே போதும், ஒன்றரை மணிநேரத்துக்குள் வந்துவிடும். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்தணும், கைப்பேசி டிக்கெட் என்றால் ஏறும் முன் அதில் செக்-இன் செய்யணும். செய்யாவிட்டால் அபராதம், வெளிநாட்டவர் என்று விட மாட்டார்கள்.

நாலாம்மாடி

அறை. படங்களில் தெரியாதவை மட்டும்:

ஏசி. இரண்டு நட்சத்திரத்திலும் சில மூன்று நட்சத்திரத்திலும் ஏசிக்கு நாள் கட்டணம் தனி. அல்லது ஹோட்டல் குறித்த நேரங்களில் மட்டும் மையமாக ஓடவிடும். "அறையில் நாங்களே கட்டுப்படுத்தலாமா, இரவு முழுக்க ஓடுமா, விலையில் சேர்ந்ததா" என்று மூன்றையும் கேளுங்கள். "ஏசி உண்டா" என்று மட்டும் கேட்டால் "உண்டு" என்று மட்டும் பதில் வரும்.

குளியலறை. பழைய கட்டடங்களில் ஷவருக்குத் தடுப்பு இருக்காது, திரை மட்டும். தரை முழுக்க ஈரமாகும். நமக்கு அது பழக்கம்தான், ஆனால் அங்கே தரை வழுக்கும், செருப்பு எடுத்துப் போங்கள். பிதே (கழுவிக்கொள்ளும் தாழ்வான தொட்டி) எல்லா இடத்திலும் இருக்கும், அது நிம்மதி. ஷவருக்குள் தொங்கும் கயிறு அவசர மணி. துணி காயப்போடவோ விளக்குப் போடவோ இழுத்தால் வரவேற்பில் மணி அடித்து ஆள் ஓடி வருவார்.

கட்டில். "மத்ரிமோனியாலே" (இருவர் கட்டில்) என்று சொல்வது பல இடங்களில் இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்ததுதான். "அல்லா ஃப்ரான்செஸே" என்று இருந்தால் 140 செ.மீ. அகலம், இரண்டு பேருக்கு நெருக்கடி.

லிஃப்ட். இரண்டு பேரும் ஒரு பெட்டியும் போனால் நிறைந்துவிடும். தரைத்தளத்துக்கு அடுத்ததுதான் முதல் மாடி. சில கட்டடங்களில் லிஃப்டுக்கு முன்னாலேயே நாலைந்து படி இருக்கும், சக்கர நாற்காலி உள்ளவர்கள் அதைக் குறிப்பிட்டுக் கேட்கணும்.

பிளக். ஊரில் இருந்து கொண்டுபோகும் உருண்டை மூன்று கால் பிளக் அங்கே ஏறாது. இத்தாலியப் பிளக்கில் மூன்று கால்களும் ஒரே வரிசையில், அதிலும் சன்னக் கால் வகை ஒன்று, தடித்த கால் வகை ஒன்று. சன்னமான இரண்டு கால் ஐரோப்பிய அடாப்டர்தான் பெரும்பாலான துளைகளில் நுழையும். தடித்த ஜெர்மன் வகை அடாப்டரை வாங்கிப் போனால் பழைய ஹோட்டலில் உதவாது.

சைவப்பயணி

உப்புக்காற்று அண்ணா, நீங்கள் சொன்ன காலையும் இரவுமான திட்டம் அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் நல்ல பேரம். சைவம் என்றால் யோசிக்கணும். சின்ன ஹோட்டலில் இரவுச் சாப்பாட்டுக்கு முதலில் பாஸ்தாவில் இரண்டோ மூன்றோ, அடுத்து இறைச்சி ஒன்று, மீன் ஒன்று. இரண்டாவதில் சைவருக்கு மிஞ்சுவது காய்கறி மேசையும் சீஸ் தட்டும்தான். ஏழு நாளும் அதுவே.

"வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் மீன் வந்து நிற்கும், அல்லது மாட்டிறைச்சிச் சாற்றில் வேகவைத்த ரிசோத்தோ சோறு வரும். "இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், இறைச்சிச் சாறு இல்லாமல்" என்று பிரித்துச் சொல்லணும்: சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா ப்ரோதோ தி கார்னே. முட்டையும் சாப்பிடாதவர்களுக்கு இன்னும் சிக்கல்; அந்த வட்டாரத்தின் தல்யாத்தெல்லே, பஸ்ஸாத்தெல்லி பாஸ்தாக்கள் எல்லாம் முட்டை சேர்ந்தவை. காய்ந்த பாஸ்தாவில் முட்டை இருக்காது, அதைக் கேளுங்கள். பார்மிஜானோ சீஸில் ரெனெட் (பாலை உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது) சேர்ப்பது விதியிலேயே இருக்கிறது. கண்டிப்பான சைவர்கள் தவிர்க்கணும்.

பியாதீனா என்ற தட்டை ரொட்டி மூலைக்கு மூலை கிடைக்கும், மலிவு. வழக்கமான மாவில் பன்றிக் கொழுப்பு உண்டு. ஆலிவ் எண்ணெயில் செய்ததும் விற்கிறார்கள், "அல்லோல்யோ" என்று கேட்கணும். உள்ளே ஸ்க்வாக்வெரோனே சீஸும் ருகோலாக் கீரையும் வைத்தால் ஒரு வேளை முடிந்தது, அந்தச் சீஸிலும் ரெனெட் கேள்வி உண்டு என்பதை மறக்காதீர்கள்.

உப்புக்காற்று

சரிதான், சைவர்களுக்குக் காலை உணவு மட்டும் எடுப்பதே மேல். ஆனால் ஒன்று: குடும்பம் நடத்தும் ஹோட்டல்களில் அடுத்த நாள் உணவுப் பட்டியலை முந்தின நாளே மேசையில் வைத்து டிக் போடச் சொல்வார்கள். அந்தச் சீட்டில் கைப்பட எழுதிவிட்டால் சமையலறைக்கு நேராகப் போகும். இரவுச் சாப்பாடு ஏழரை மணிக்கு என்றால் ஏழரைதான். எட்டரைக்குப் போனால் சமையலறை மூடியிருக்கும். பக்கத்துக் குட்டி நாடான சான் மரீனோவுக்குப் பகல் பயணம் போகிறவர்கள் பஸ் திரும்பும் நேரத்தை இதற்கு ஏற்பப் பாருங்கள்.

விசா வரிசை

இந்தியக் கடவுச்சீட்டோடு சென்னையிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு: விசாவுக்கு முன்பதிவுச் சான்று வேண்டும், ஆனால் விசா கிடைக்கும் முன் பணம் சிக்கக்கூடாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணமின்றி ரத்து செய்யும் கடைசித் தேதி விசா முடிவு வரக்கூடிய தேதிக்குப் பின்னால் இருக்கும் அறையை மட்டும் எடுங்கள். விண்ணப்பிக்கும் ஒவ்வொருவர் பெயரும் முன்பதிவுச் சான்றில் இருக்கணும். தலைப்பெழுத்தோடு நிறுத்தாமல் கடவுச்சீட்டில் உள்ளபடியே முழுப்பெயர்.

நேரடியாக ஹோட்டலிடம் பேசினால் முன்பணம் கேட்பார்கள், 30 சதவீதம் வழக்கம். அதைக் "கப்பார்ரா" என்று எழுதுகிறார்களா "அக்கோந்தோ" என்று எழுதுகிறார்களா என்று பாருங்கள். இத்தாலியச் சிவில் சட்டத்தின் 1385ஆம் பிரிவுப்படி "கப்பார்ரா கன்ஃபிர்மத்தோரியா" என்றால் நீங்கள் பின்வாங்கினால் பணம் அவர்களுக்கு. அவர்கள் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தரணும். அக்கோந்தோ வெறும் பகுதித் தொகை, அந்த விதி அதற்கு இல்லை. ரத்து நிபந்தனையை மின்னஞ்சலில் வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள். வங்கி மாற்றலாக அனுப்பினால் இடையில் வங்கிகள் கட்டணத்தை வெட்டிக்கொண்டு தொகை குறைவாகச் சேரும், மீதியைக் கேட்டு ஹோட்டல் எழுதும். கார்டில் கட்ட முடியுமா என்று கேட்பது நல்லது.

போலி விளம்பரத்துக்கு ஒரு சோதனை: 2025 முதல் தங்கும் இடங்களின் விளம்பரத்தில் IT என்ற எழுத்துகளோடு தொடங்கும் தேசிய அடையாளக் குறியீடு, சின் (CIN), இருந்தாக வேண்டும். இல்லாத இடத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

வந்து சேர்ந்ததும் எல்லோருடைய கடவுச்சீட்டையும் கேட்பார்கள், கைக்குழந்தையுடையதையும். 24 மணிநேரத்துக்குள் காவல்துறைக்குப் பதிய வேண்டியது அவர்கள் கடமை, மறுக்காதீர்கள். பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் வழியாக நுழைந்து இத்தாலிய எல்லைச் சோதனையைக் கடக்காதவர்களுக்கு இந்தப் பதிவே வருகை அறிவிப்பாகவும் ஆகிறது. நகல் ஒன்று கேட்டு வாங்கி வையுங்கள்.

தண்டவாளம்

கடற்கரை பற்றி யாரும் சொல்லவில்லையே. மணலில் பெரும்பகுதி "பாஞ்ஞோ" என்ற எண்ணிட்ட தனியார் வரிசைகள். ஒரு குடை, இரண்டு சாய்வுப்படுக்கை, நாளைக்கு இருபது முப்பது யூரோ. தண்ணீரை ஒட்டிய முதல் வரிசைக்கு இன்னும் அதிகம். ஹோட்டல் விலையில் கடற்கரை சேர்ந்தது என்றால் எந்த எண் பாஞ்ஞோ, எத்தனையாவது வரிசை, அறைக்கு ஒரு குடையா என்று கேளுங்கள். கடைசி வரிசையிலிருந்து குழந்தை தண்ணீரில் நிற்பது தெரியாது.

காசில்லாமல் போகத் துறைமுகம் அருகே பியட்ஸாலே போஸ்கோவிச் பக்கம் பொதுக் கடற்கரை உண்டு. பாஞ்ஞோ வழியாகக் கடலுக்கு நடந்து போவதை யாரும் தடுக்க முடியாது, அது சட்டம். ஆனால் தண்ணீரை ஒட்டிய ஐந்து மீட்டர் நடைபாதைக்கானது. அங்கே துண்டு விரித்துக் குடை நட்டால் எழுப்பிவிடுவார்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்க வேண்டாம், கடல் பார்க்க எவ்வளவு சாதுவாக இருந்தாலும். மணலில் திரியும் விற்பனையாளரிடம் போலி பிராண்டுப் பை வாங்கினால் வாங்கியவருக்கே அபராதம், 7,000 யூரோ வரை போகலாம்.

நாலாம்மாடி

கிளம்பும் நாளுக்கு: பத்து மணிக்கு அறையைக் காலி செய்யணும். ரயில் மாலையில் என்றால் பெட்டியை ஹோட்டலில் வைக்கலாம், குளித்து உடை மாற்றப் பொது ஷவர் உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பாஞ்ஞோவில் குளிக்கலாம், வெந்நீருக்குத் தனிக்காசு இருக்கும். தங்கல் வரி அறை விலையில் சேர்ந்ததில்லை, நட்சத்திரத்தைப் பொறுத்து ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று கடைசியில் வாங்குவார்கள், குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. அறைக் கட்டணத்துக்குக் கார்டு வாங்க மாட்டேன் என்று சொல்ல சட்டம் இடம் தராது. இருந்தாலும் இந்த வரிக்குச் சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும். விடியற்காலை ரயில் என்றால் கணக்கை முந்தின இரவே தீர்த்து ரசீது வாங்குங்கள். சின்ன ஹோட்டலில் இரவுக் காவலர் இருப்பதில்லை, வாசல் கதவை உள்ளிருந்து எப்படித் திறப்பது என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.