குண்டு பல்பு: கணக்குக்கும் மீட்டருக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கேள்வி: 100 வாட் குண்டு பல்பு ஒன்று 230 வோல்ட்டில் 0.43 ஆம்பியர் எடுக்கிறது. வகுத்தால் 535 ஓம். கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 40 ஓம்தான்! எதை நம்புவது?

பதில் 1: இரண்டுமே சரிதான் தம்பி. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; சூடு ஏற ஏற மின்தடையும் ஏறும். நீங்கள் மீட்டரில் அளந்தது ஆறிய இழையை. சுவிட்சைப் போட்ட கணத்தில் ஐந்து ஆம்பியருக்கு மேலேகூடப் பாயும். பழைய பல்புகள் பெரும்பாலும் அப்போதுதான் ஃபியூஸ் போகும்.

பதில் 2: திறனுக்கு 230 × 0.43, சுமார் 99 வாட். 40 ஓமை வைத்துக் கணக்குப் போட்டால் 1,322 வாட் வரும், அது தப்பு.

பதில் 3: அப்புறம், பிளக்கைக் கழற்றிவிட்டு 1,000 வாட் தண்ணீர் ஹீட்டர் ராடை அளந்து பாருங்கள். உள்ளே இருப்பது நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பி; சூடேறினாலும் அதன் மின்தடை அதிகம் மாறாது என்பதால், ஆறியிருந்தாலும் கணக்கில் வரும் 53 ஓம் பக்கம்தான் காட்டும்.