ஒரே தெரு, இரண்டு டெங்கு வரிசைகள்: எத்தனை எழுத்து மாறினால் வேறு வகை?

வண்டியூர் மாணவி (கேள்வி):

மதுரையில் உயிர்த்தொழில்நுட்பவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு சேகரித்த காய்ச்சல் மாதிரிகளில் சிலவற்றை என் ப்ராஜெக்டுக்காக வழிகாட்டி பெற்றுத் தந்தார். அவற்றில் இரண்டு, ஒரே தெருவில் இரண்டு வீடு தள்ளி வசிப்பவர்களுடையவை. காய்ச்சல் தொடங்கிய நாள்களுக்கு இடையே ஆறு நாள்தான் வித்தியாசம். வைரஸின் சி-பிஆர்எம் பகுதியை (உள்ளுறைப் புரதத்துக்கும் சவ்வு முன்புரதத்துக்குமான மரபணுக்கள் அடுத்தடுத்து வரும் இடம்) பிசிஆரில் பெருக்கியபோது முதல் சுற்றில் இரண்டிலும் 511 எழுத்து நீளத்தில் பட்டை தெரிந்தது. இரண்டாம் சுற்றில் டெங்குவின் நான்கு வகைக்கும் வெவ்வேறு நீளம் வரும்; இரண்டுக்கும் 482. ஆகவே இரண்டுமே டெங்கு-1. முதல் சுற்றுப் பொருளைச் சீக்வென்ஸிங்குக்கு (மரபெழுத்துகளை வரிசையாகப் படிப்பதற்கு) அனுப்பி, வந்த வரிசைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் 9 இடங்களில் எழுத்து மாறியிருக்கிறது, அதாவது 1.8 சதவீதம்.

6 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால்தான் தனி ஜீனோடைப் (டெங்கு-1 போன்ற ஒரே வகைக்குள் பிரியும் மரபுக் கிளை) என்று வகுப்பில் படித்தோம். அப்படியானால் இவை ஒரே வகை, அந்தத் தெருக் கொசுக்களே ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டுபோனவை என்று எழுதலாமா? என் தோழியோ, 9 மாற்றம் குறைவில்லை, இது புது வகையாகக்கூட இருக்கலாம் என்கிறார்.

ஜெல்தட்டு:

தோழி சொல்வதை விட்டுவிடுங்கள், புது வகைக்கு இதில் இடமில்லை. ஆனால் நீங்கள் எழுத நினைப்பதும் இந்தத் தரவில் நிற்காது.

முதலில் உங்கள் வகுத்தலைத் திருத்த வேண்டும். 511 எழுத்துகளில் முன் பிரைமருக்கு (பெருக்கலைத் தொடங்கிவைக்க நாம் சேர்க்கும் சிறு டிஎன்ஏ துண்டு) 28, பின் பிரைமருக்கு 29 என்று 57 எழுத்துகள் நோயாளியின் வைரஸிலிருந்து வந்தவை அல்ல. நீங்கள் குழாயில் விட்ட பிரைமரே பெருகிய பொருளின் இரு முனைகளாகிவிடுகிறது. அந்த இடங்களில் வைரஸ் எப்படி மாறியிருந்தாலும் உங்கள் கண்ணில் படாது. மீதி 454, எனவே வேறுபாடு 2 சதவீதம். என் முதல் கட்டுரையில் நானும் முனைகளை வெட்டாமல் அனுப்பி, மதிப்பீட்டாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

அடுத்து குரோமட்டோகிராமை (ஒவ்வோர் எழுத்தையும் ஒரு நிற முகடாகக் காட்டும் சீக்வென்ஸிங் வரைபடம்) திறந்து 9 இடங்களையும் கண்ணால் பாருங்கள். ஒரே இடத்தில் சிவப்பு முகடும் நீல முகடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றால், மென்பொருள் அதில் ஏதாவதொன்றை எழுத்தாக்கித் தந்திருக்கும். அதை மாற்றமாக எண்ணக் கூடாது.

இனி அந்த 6 சதவீதம். 1990-இல் ரெபெக்கா ரிகோ-ஹெஸ்ஸே, டெங்கு-1, டெங்கு-2 வைரஸ்களை ஒப்பிட்டபோது, வைரஸின் வெளியுறைப் புரதத்துக்கான ஈ மரபணுவும் அதையடுத்த என்எஸ்1 மரபணுவும் சந்திக்கும் இடத்தில் 240 எழுத்துகளை எடுத்துக்கொண்டு வகுத்த எல்லை அது. 240-இல் 6 சதவீதம் என்றால் ஏறக்குறைய 14 எழுத்து. மரபுத்தொகுதியின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை என்பதால், அங்கே வகுத்த எல்லையை உங்கள் சி-பிஆர்எம் பகுதிக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. செரோடைப் (டெங்கு-1, டெங்கு-2 என்று எண்ணிட்டுச் சொல்வது) என்பது வேறு சங்கதி: நம் உடலின் எதிர்ப்பொருள் எதை அடையாளம் கண்டு முடக்குகிறது என்பதை வைத்து நான்காகப் பிரித்தது. ஜீனோடைப் என்பது வம்சாவளி. வம்சத்தைச் சதவீதத்தால் தீர்மானிக்காமல், ஜென்பேங்க் என்ற பொது மரபுவரிசைத் தரவுத்தளத்திலிருந்து டெங்கு-1-இன் ஒவ்வொரு ஜீனோடைப்புக்கும் சில முன்மாதிரி வரிசைகளை இறக்கி, டெங்கு-3 ஒன்றை வெளிக்குழுவாக (ஒப்பிட உதவும் வெளி உறவாக) வைத்து வம்சாவளி மரம் வரையுங்கள். உங்கள் இரண்டும் எந்தக் கிளையில், யாருக்குப் பக்கத்தில் உட்காருகின்றன என்பதே விடை. முடிந்தால் 1485 எழுத்து நீளமுள்ள ஈ மரபணுவை முழுமையாகப் படியுங்கள். 2024-இல் முன்மொழியப்பட்ட புதிய பெயரிடு முறை ஜீனோடைப்புக்கும் கீழே உட்கிளைகளைப் பிரிக்கிறது. அந்த நுணுக்கத்துக்கு 454 எழுத்து பற்றவே பற்றாது.

ஆட்டுக்கல் அனுபவசாலி:

நான் ஆய்வகத்துக்காரன் அல்லன். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் கொசுப்புழு ஒழிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழியிலும் ஃபிரிட்ஜின் பின்தட்டிலும் நெளியும் புழுவுக்குள் எந்த ஜீனோடைப் போனாலும் நான் செய்யப்போவது அதைக் கவிழ்த்துவிடுவதுதான் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது சிக்குன்குனியா. 1963-இல் கல்கத்தாவில் பரவியது ஆசிய ஜீனோடைப். 2005-06-இல் தென்னாட்டையே முடக்கிப்போட்டதோ கிழக்கு-மத்திய-தென்னாப்பிரிக்க ஜீனோடைப். இங்கேயே பதுங்கியிருந்த பழைய வைரஸ் திரும்பிவிட்டது என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். வரிசையைப் படித்ததால்தான் வந்தது வேறு வம்சம் என்று தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வைரஸின் ஈ1 புரதத்தில் 226-ஆம் இடத்தில் அலனின் போய் வாலின் வந்தது. மரபுத்தொகுதியில் அது ஒற்றை எழுத்து மாற்றம், ஜீனோடைப் பெயர்கூட மாறவில்லை. ஆனால் தோட்டங்களில் பெருகும் ஏடிஸ் ஆல்போபிக்டஸ் கொசு அதைச் சுமப்பது மிக எளிதாகிவிட்டது. ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த கேரளத்தில் 2007-இல் அந்த மாற்றம் பெற்ற வைரஸைக் கண்டார்கள். வீட்டுத் தொட்டியைப் பார்த்தவர்கள் அங்கே ரப்பர்ப்பால் சிரட்டையையும் பார்க்க வேண்டியதாயிற்று. ஆகவே 9 மாற்றமா 90 மாற்றமா என்பதோடு, எந்த இடத்தில் மாறியது, அதனால் அமினோ அமிலம் மாறியதா என்பதையும் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:

தெருக் கொசு பற்றிய கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அதற்கு வகைப்பாட்டைவிடக் காலக் கணக்குதான் உதவும். டெங்கு வைரஸின் நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. நிலைத்துவிடும் மாற்றங்கள் ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.0008 என்று கொண்டால், 10,700 எழுத்துள்ள முழுத் தொகுதியில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது மாற்றம் வரும். உங்கள் 454 எழுத்தில் மூன்று ஆண்டுக்கு ஒன்று வந்தால் பெரிது. ஆறு நாள் இடைவெளியில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருந்தால் இந்தத் துண்டு இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். 9 மாற்றமும் உண்மையானால், இரண்டு வைரஸ்களின் பொது மூதாதை பத்தாண்டுக்கும் முன்னால் இருந்திருக்கும். துண்டு சிறியது, ஆண்டுக் கணக்கு முன்பின் நன்றாகவே நகரும்; ஆனால் ஆறு நாளுக்குள் அடங்குமளவுக்கு நகராது. இரண்டும் தனித்தனியாக அந்தத் தெருவுக்கு வந்தவை. யார் வெளியூர் போய்வந்தார்கள் என்று பாருங்கள். கடிபட்டு 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும்.

வண்டியூர் மாணவி:

முனைகளை வெட்டி, 9 இடங்களையும் பார்த்துவிட்டேன். இரண்டு இடங்களில் முகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. மீதி 7, அதாவது 454-இல் 1.5 சதவீதம். அவற்றில் 6 மாற்றங்கள் மும்மையின் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுப்பின்) மூன்றாம் எழுத்தில்தான் இருக்கின்றன. அமினோ அமிலம் மாறவில்லை. எஞ்சிய ஒன்று பிஆர்எம் பகுதியில் விழுகிறது. மரத்தில் இரண்டும் ஒரே ஜீனோடைப்பில், ஆனால் அருகருகே இல்லாமல் வெவ்வேறு சிறு கிளைகளில் அமர்ந்திருக்கின்றன. கிளைகளை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் பூட்ஸ்ட்ராப் மதிப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லாததால் ஈ மரபணுவுக்குப் புது பிரைமர் கேட்டிருக்கிறேன்.

பயணத்தைப் பற்றிப் பார்க்கலாம் என்று மாதிரியோடு வந்த படிவத்தை எடுத்தேன். வயது, பாலினம், காய்ச்சல் தொடங்கிய நாள், தெரு. வெளியூர்ப் பயணத்துக்குக் கட்டமே இல்லை. அந்த இரண்டு வீட்டாரிடமும் நேரில் கேட்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமாம். வழிகாட்டி திங்கட்கிழமை கடிதம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.